உப்புச்சர்க்கரைக்கு நடுவே ஒரு குத்துச்சண்டை

போன வாரம் என் கடைசி மகள் சரசுவுக்கு நிச்சயம். எங்கள் பக்கத்தில் உப்புச்சர்க்கரை மாற்றுவது என்போம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தட்டு, பெண் வீட்டார் ஒரு தட்டு. இரண்டிலும் உப்பும் சர்க்கரையும். எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் தாய்மாமனும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் முடிந்தது. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது.

மாற்றுவதற்கு முன்னால்...? அங்கேதான் வந்தது வினை.

நல்ல நேரம் பிறக்கக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், எங்கள் எருமப்பட்டி வீட்டுக்குள் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். குத்துச்சண்டை வீரர்கள். இருவருமே உலக சாம்பியன்களாம். ஒருவர் சண்டையை விட்டு ஓய்ந்துவிட்ட பழைய ஆள். இன்னொருவர் இப்போது எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருக்கிற இளவட்டம். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் எழுத வராது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், மெதுவாகத்தான் எழுதுவேன். பெரியவர், சின்னவர் என்றே வைத்துக்கொள்வோமே, யார் கேட்கப் போகிறார்கள்?

ஆரம்பித்தது என் தம்பி செங்கோடன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைச் சுவரில் பெரியவரின் படம் ஒட்டியிருக்கும். எதிரில் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி பழனிவேல். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். அவருக்குச் சின்னவர் என்றால் உயிர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெரியவரும் சின்னவரும் ஒரே வயசுல மோதியிருந்தா, ஆருங்க சம்பந்தி ஜெயிச்சிருப்பாங்க?" என்றான் தம்பி, காபியை ஆற்றிக்கொண்டே.

"இதென்னங்க கேள்வி? எங்க ஆளு எறங்குனா ரிக்கு எறங்குன மாதிரி. பாறையாவது, மண்ணாவது... ஒரே குத்து!"

"பாறை நிக்குமுங்க. எங்க ஆளு நிக்கோணுமில்ல? நின்னாத்தானுங்க குத்த முடியும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்போதே சிரிப்பை நிறுத்தி இலையைப் போட்டிருக்க வேண்டும்.

"அட போங்க மச்சான். பாடி கட்டறவங்களுக்கு பெயிண்டு பளபளன்னு இருந்தாப் போதும். இஞ்சினப் பத்தி என்ன தெரியும்? உங்க ஆளு வெறும் லாரி ஆரனுங்க, ஆரன்! சத்தம் மட்டுந்தான்."

பட்டறையைச் சொன்னதும் தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "கீழ பாத்துக் குத்திக் குத்தியே பழகினவங்களுக்கு நிமுந்து பாக்கத் தெரியாதுங்க. நெதானமே இல்லாத ஊட்டுல எங்க அம்மிணியக் குடுக்கறமேன்னு இப்பத்தான் வெசனமா இருக்குது."

சொல்லிவிட்டான்.

எங்கள் வீட்டுக்காரர் மடித்த வெற்றிலையைப் பிரித்தார், பிரித்ததை மறுபடி மடித்தார். சம்பந்தி மடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒரு ஆண் துண்டை உதறித் தோளில் போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

"காரை எடுக்கச் சொல்லுங்க."

சமையலறை வாசலில் சரசு நின்றாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று என் காதோடு சொன்னவள். இப்போது அவள் அழக்கூட இல்லை. என்னையே பார்த்தாள். நான் யாரைப் பார்ப்பேன்?

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளைதான் திறந்தார்.

"அப்பா, சித்த இருங்க. மாமாவுக்கு பாக்ஸிங்கு புடிக்கும்னு சொன்னாங்க. போட்டுக் காட்டலாம்னு ரெண்டு பேரு டேப்பும் கொண்டாந்திருக்கறேன். பாத்துட்டுப் போலாமுங்க."

நல்ல வேளை, ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படம் பார்க்கட்டும் என்று வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பவ்யமாக ஒன்று கேட்டார். "பெரியவரு சண்டைய நீங்க பாத்திருக்கறீங்களாப்பா? மாமா, நீங்க சின்னவர?"

சம்பந்தி துண்டைச் சரிசெய்தார், தம்பி ஆறிப்போன காபியை மறுபடி ஆற்றினான். சம்பந்தி பெரியவரைப் பார்த்ததே இல்லை. என் தம்பி சின்னவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளுக்காக என் மகளின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது!

முதலில் பெரியவர்.

நான் கரண்டியோடு கதவோரம் நின்றேன். எவனோ எவனையோ அடிக்கப் போகிறான், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நின்றேன். ஆனால் அந்த மனுஷன் வந்தான் பாருங்கள்... அம்மாடி! வாசக்காலில் தலை இடிக்கும் உயரம். அந்த உடம்பு தரையில் பாவவே இல்லை. ராசிபுரத்துத் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் போயிற்று — நடுவில் போனதை யார் பார்த்தார்கள்? அப்படி இருந்தது. எதிராளியின் கை முகத்துக்கு நேரே வரும். ஒரு விரல்கடை பின்னால் சாய்வான், கை காற்றைக் குத்திவிட்டுத் திரும்பிப் போகும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு லேசான ஒன்று எப்படிக் குடியிருக்கிறது? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கடைசிச் சுற்றுகளில் அவனும் நிறைய வாங்கிக்கொண்டான். சண்டை முடிந்ததும் நடந்தது அதைவிட அதிசயம். இருவருக்கும் முகம் வீங்கிக் கண் மூடிக் கிடக்கிறது. போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்! இவ்வளவு நேரம் குத்தின அதே கைகள்.

சம்பந்தி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

அடுத்த டேப், சின்னவர். கழுத்தே இல்லை. தோளிலிருந்து நேராகத் தலை. மணி அடித்தது, வந்தான், ஒரு குத்து. எதிரில் நின்ற மலை போன்ற ஆள், கயிறு அறுந்த கட்டில் மாதிரி மடங்கி விழுந்தான். நான் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடி விழுவதைப் பார்த்துவிட்டு, இனி மழை எப்போது என்று காத்திருப்பது போல இருந்தோம். மழை வரவில்லை. அவ்வளவுதான் சண்டை!

தம்பி டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்திருந்தான்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிகிற தறுவாய். டிவியை அணைத்தேன். இரண்டு தட்டையும் எடுத்து, ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தேன்.

சம்பந்தி தட்டைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தார். "நெதானமில்லாத ஊடுன்னு சொன்னீங்களே மச்சான்?"

"சொன்னேனுங்க. தப்புத்தானுங்க. உங்க ஆளு அடிச்ச அடியில எனக்குப் பேச்சே மறந்து போச்சுங்க."

சம்பந்தியின் மீசை லேசாக அசைந்தது. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அதெல்லாம் செய்ய மாட்டார்கள். சம்பந்தி ஒரு கையில் தட்டோடு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போதாதா?

தட்டு மாறியது. சரசு உள்ளே ஓடினாள்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. ரசம் ஊற்றப் போனேன். தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்: "என்ன இருந்தாலும் உங்க சின்னவருதானுங்க. அந்தக் குத்த எங்க ஆளு தாங்கமாட்டாரு."

"என்னங்க இப்பிடிச் சொல்றீங்க?" சம்பந்தி இலையில் கையை உதறினார். "பெரியவர ஆருங்க தொட முடியும்? அவரு மனுசனுங்களா? காத்துங்க, காத்து!"

மறுபடி ஆரம்பித்துவிட்டது. கட்சி மட்டும் மாறிவிட்டது. நான் வெசனப்படவில்லை. தட்டுத்தான் மாறிவிட்டதே!

யார் ஜெயிப்பார் என்று என்னைக் கேட்கிறீர்களா? அந்த லேசை நினைத்தால் பெரியவர் என்று தோன்றுகிறது. அந்த இடியை நினைத்தால் சின்னவர். ஒரு வாரமாக அடுப்படியில் இதே யோசனைதான். கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தடவை டேப்பைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் — அன்றைக்குக் கரண்டியைத் தம்பியும் சம்பந்தியும் பிடித்துக்கொள்ளட்டும்!