பட்டறையில் கூப்பிட்ட பெயர்

எங்கள் ஊர்ப் பொதுப்பட்டறையில் சேருவதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஒரு வேலைச் சாமான் கேட்பார்கள். சுத்தியலோ வாளோ அரமோ, வீட்டில் இருப்பதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான். அதில் பட்டறைச் சங்கத்தின் முதலெழுத்தை அடித்துப் பதித்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். அதன் பிறகு கொடுத்தவர்கூட அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் சுவரில் தொங்குகிற எல்லாவற்றையும் எடுத்து வேலை செய்யலாம்.

உடுவிலில் இருந்து மருதனார்மடத்துக்குப் போகிற வழியில், முன்பு புகையிலை உலர்த்திய ஒரு கொட்டிலில்தான் பட்டறை இருந்தது. மின்சாரம் நின்று, கடைகளில் ஆணிகூடக் கிடையாமல் போன காலத்தில் ஊரவர் சிலர் சேர்ந்து தொடங்கியது. நடுவில் ஒரு லேத் மிசின் நின்றது. இரும்பையும் பித்தளையையும் சுழற்றிக் கடைகிற மிசின். மின்சாரம் இல்லாதபடியால் அதன் பட்டியை ஒரு சைக்கிளின் பின்சில்லில் கோத்திருந்தார்கள். ஒருவர் ஏறி இருந்து மிதிக்க, இன்னொருவர் கடைவார். மிதிப்பது உயிர் போகிற வேலை. ஆட்கள் சாட்டுச் சொல்லி நழுவத் தொடங்கியதால், சனிக்கிழமைகளில் வேலை தொடங்க முன்னர் செயலாளர் பெயர் கூப்பிடுவார். "ஓம்" என்று தான் வந்திருப்பதைச் சொன்னவர் தன் முறைக்கு மிதிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று சனி பதில் இல்லையென்றால் அவர் அங்கத்தவர் இல்லை.

நான் ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போகிறவள் அல்ல. கோயிலில்கூடத் தூணோடு ஒட்டி நிற்பேன். நாற்பது வயதாகியும் கடைக்காரரிடம் இரண்டாம் தரம் ஒன்றைக் கேட்க எனக்கு நா எழாது. என்னை அங்கே போகவைத்தது எங்கள் கிணற்று இறைப்பு மிசின். அதன் தண்டைத் தாங்குகிற பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது. மிசின் ஓடும், தண்ணீர் வராது. அந்த வளையம் எந்தக் கடையிலும் இல்லை. புதிதாகக் கடைந்தால்தான் உண்டு. வெங்காயம் வேர் பிடிக்கிற நேரம். நானும் மச்சாளும் வாளியால் அள்ளி ஊற்றினோம். கிணற்றடிப் பாத்திகள் நனைந்தன. தூரத்துப் பாத்திகளில் தாள்களின் நுனி வெளுத்துக்கொண்டு வந்தது.

மச்சாள் என் கணவரின் தமக்கை. கலியாணம் செய்யாதவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அப்போது நாங்கள் இருவரும்தான்.

என் கணவர் ஃபிட்டர். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பவும் தொடங்கச் சில நாட்கள் முன்னர் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனார். பாதை மூடிவிட்டது. ஆளும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை. அதே நாட்களில் போன சிலர் எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழிந்த பிறகு, நான் வெளியில் போனால் சிலரின் கண் முதலில் என் பொட்டுக்குத்தான் போகும்.

அவர் விட்டுப்போனவற்றில் ஒரு மரப்பெட்டி இருந்தது. போல்டுகளில் புரி வெட்டுகிற டைகள், அளவுக்கு ஒன்றாக, எண்ணெய் பூசி அடுக்கியபடி இருந்தன. ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒரு பெட்டி இல்லை. பட்டறையிலும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

முதல் சனிக்கிழமை நான் மண்வெட்டியைக் கொண்டுபோனேன்.

"தங்கச்சி, எங்களிட்டைக் கிடக்கிற மண்வெட்டியளைக் கொண்டு குளமே வெட்டலாம்," என்றார் அங்கிருந்த தச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

"சும்மா இரும். அந்தப் பிள்ளை இண்டைக்குத்தான் வந்திருக்கு," என்றார் செயலாளர். அவர் இளைப்பாறிய தபால்காரர்.

"நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்? அண்ணையின்ரை டையள் பெட்டியோடை கிடக்கெல்லே. சும்மா வீட்டிலை கிடந்து கறள் பிடிக்கிறதுக்கு..."

யாரோ இருமினார்கள். தச்சர் நிறுத்திக்கொண்டார். நான் மண்வெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

மச்சாளிடம் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"குடுத்தால் எழுத்து அடிப்பினமோ?"

"ஓம், மச்சாள்."

"அப்ப அவன் வந்து என்னத்தைக் கொண்டு வேலை செய்யிறது? செத்த ஆளின்ரை சாமானைத்தான் ஊருக்குக் குடுக்கிறது."

அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மேற்குப் பாத்திகள் இரண்டு முற்றாகப் படுத்துவிட்டன. அடுத்த சனி காலை, மச்சாள் பார்த்துக்கொண்டு நிற்கவே, பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். அவர் மறிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பட்டறையில் செயலாளர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மற்றவர்கள் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எழுத்து அச்சையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். அதைக் கண்டதும், என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"என்னைச் சேர்க்க வேண்டாம். அவரைச் சேருங்கோ."

"ஆரை?"

கணவரின் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "எங்கடை அவரை," என்றேன். "பெட்டி அவரின்ரை. அவர்தான் குடுக்கிறார்."

"ஆள் இல்லாமல் எப்பிடியம்மா சேர்க்கிறது?"

"ஆள் இருக்கிறார்."

தச்சர்தான் மெல்லக் கேட்டார்: "மூண்டு சனி ஓம் சொல்லாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம், தங்கச்சி. அதுக்கு?"

"நான் சொல்லுறன். அவரின்ரை முறைக்கு நான் மிதிக்கிறன். எழுத்தை அவர் வந்து தன்ரை கையாலை அடிக்கட்டும்."

"கடவுளே, பொம்பிளை மிதிக்க நான் கடையிறதோ? வீட்டிலை அறிஞ்சால் எனக்குச் சோறில்லை," என்றார் தச்சர். இம்முறை எல்லாரும் சிரித்ததில் கேலி இல்லை. செயலாளர் அச்சை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றே வளையத்தைக் கடைந்து தந்தார்கள். பின்னேரம் மிசின் தண்ணீரை இழுத்தது. மிஞ்சிய வெங்காயம் தப்பியது.

ஆனால் ஒவ்வொரு சனியும் அந்தப் பெயரைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று நான் நினைத்திருக்கவில்லை. செயலாளர் தபால்காரர் அல்லவா, படலையில் நின்று கூப்பிடுவது போல உரத்துக் கூப்பிடுவார். முதல்நாள், இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் "ஓம்" என்றேன். சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். சில மாதங்களில் கால்கள் பழகின, அந்தப் பெயர் பழகவில்லை. அவர் அங்கேயே நிற்பது போலவும், அவர் இடத்தை நான் பிடித்து வைத்திருப்பது போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கேட்பார்: "கூப்பிட்டவையோ?"

"கூப்பிட்டவை."

அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். சனிக்கிழமைகளில் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவார்.

ஒரு சனி நாங்கள் வேலையில் நிற்கும்போது குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. எல்லாரும் போட்டதைப் போட்டபடி விட்டுப் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் ஓடினோம். உள்ளே இருட்டு. மண் கொட்டியது. குண்டு தெற்குப் பக்கமாக விழுந்த சத்தம் கேட்டது. யாராவது வெளியில் அகப்பட்டுவிட்டார்களோ என்ற பதற்றத்தில் செயலாளர் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். இருட்டில் ஒவ்வொருவராக "ஓம்," "ஓம்" என்றார்கள். வழக்கமான ஒழுங்கில் போய், என் கணவரின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

என்னால் ஓம் சொல்ல முடியவில்லை. பங்கருக்குள் யார் இருக்கிறார்கள் என்றுதான் அப்போது கேட்டது. அவர் அங்கே இல்லை. "நான் இருக்கிறன்," என்று மட்டும் சொன்னேன். செயலாளர் மேற்கொண்டு கூப்பிடவில்லை.

அடுத்த சனி செயலாளர் கணவரின் பெயருக்குப் பதிலாக என் பெயரைக் கூப்பிட்டார். என் மனம் நோகக்கூடாது என்றுதான் செய்திருப்பார். என் வாய் தன்பாட்டில் "ஓம்" என்றது. தன் பெயரைக் கேட்டால் எவரும் சொல்வதுதானே. சொன்ன பிறகுதான், அவர் இடத்தை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. அன்று மிதிப்பது இலேசாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கூப்பிட்டவையோ?" என்று மச்சாள் கேட்டார்.

"என்ரை பேரைத்தான் கூப்பிட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டனான்."

அவர் சோற்றுக் கோப்பையை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அந்தக் கிழமை முழுவதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை நான் சைக்கிளை எடுத்தபோது, "கொஞ்சம் நில்," என்று வந்து கரியரில் ஏறி இருந்தார். முழங்கால் வீக்கத்தோடு அவர் வீட்டுப் படலையைத் தாண்டியே கனகாலம்.

செயலாளர் என் பெயரைக் கூப்பிட்டார். நான் ஓம் என்றேன். அடுத்த பெயருக்குப் போக, மச்சாள் வாசலில் நின்றபடி, "தம்பி, அவன்ரை பேரை ஏன் விட்டனீர்?" என்றார்.

"அக்கா, அண்டைக்குப் பங்கருக்குள்ளை இவ..."

"பங்கருக்குள்ளை அவன் இல்லைத்தான். எங்கையோ உயிரோடை இருக்கிறவன் உங்கடை பங்கருக்குள்ளை எப்பிடி இருப்பான்? வாசியும்."

"ஒரு பெட்டிக்கு ரெண்டு பேரோ?" என்று தச்சர் இழுத்தார்.

"ரெண்டு முறை மிதிச்சால் உமக்கு என்ன நட்டம்?"

செயலாளர் என் கணவரின் பெயரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்க முன்னர் மச்சாள் "ஓம்!" என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் திரும்பி வருவார் என்று அப்போது நான் நம்பினேனா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. மச்சாள் நம்பினார். என் பெயருக்கு நான் சொன்ன ஓமைத் திருப்பி எடு என்று அவர் கேட்கவில்லை. அன்று என் பெயருக்கு ஒருமுறை மிதித்தேன், இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் கணவரின் பெயருக்கு ஒருமுறை மிதித்தேன். இரண்டாவதில் தொடை நடுங்கியது. தச்சர் போதும் என்று கை காட்டினார். மச்சாளைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுக்காமல் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்தவில்லை.