முதல் குலையும் ஸ்டெல்லா டீச்சரின் பயமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தையில் காரட் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா டீச்சரின் கணவர் சேவியர் சாரிடமிருந்து போன் வந்தது. அந்த வீட்டிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் அது நாயைப் பற்றித்தான் இருக்கும். அதனால் எடுத்ததும், "ஜூலிக்கு என்ன ஆச்சு?" என்றேன். "ஜூலிக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ஸ்டெல்லா காலைல எந்திரிக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டாக," என்றார். காரட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். எடை போடவா என்று கடைக்காரம்மா கேட்டது காதில் விழுந்தது. காரட்டைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

ஸ்டெல்லா டீச்சரிடம் படித்த உங்களுக்கும், எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கும் அவர் கறாரான கணக்கு டீச்சர். பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்த எனக்கோ, அவரைப் போலப் பயந்த ஒரு மனுஷியைத் தெரியாது. தலைமையாசிரியருக்கும் அவர் பயப்பட்டதில்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கும் பயப்பட்டதில்லை. ஒரு நாயின் வாய்க்குள் என்ன போகிறது என்பதுதான் அவருடைய பயம். அடக்கத்தன்று நான் கல்லறைக்கு வரவில்லை என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் அந்தப் பயம்தான் காரணம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை நம் பள்ளிக்கூடத்து வாசல் நாய்க்குப் போடுவது எல்லோருக்கும் வழக்கம். ஸ்டெல்லா டீச்சர் குறுக்கே வந்து நிற்பார். டப்பாவை வாங்கி ஸ்பூனால் கிளறிப் பார்ப்பார். "வெங்காயம் கெடக்கு டீச்சர். பூண்டும் கெடக்கு. ரெண்டும் அது ரத்தத்தக் கெடுத்துரும். நாளைக்கி வெறுஞ்சோறா எடுத்து வச்சிட்டு வாங்க." பாயசம் என்றால் முந்திரியை விட்டுவிட்டு உலர்திராட்சையைத்தான் முதலில் தேடுவார். "நாய்க்குத் தனியா மடப்பள்ளி வச்சு நடத்துறீக போங்க," என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். நாய் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்பார்.

ஒருமுறை பெரியகுளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு மாந்தோப்பில் எங்களுக்குப் பழம் அறுத்துக் கொடுத்தார்கள். தோப்பு நாய்க்குச் சதையில் நாலு துண்டு போட்டவர், கொட்டைகளை எல்லாம் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "எதுக்கு இந்தக் குப்பையச் சுமக்குறீக?" என்றேன். "இங்கன போட்டா இது முழுங்கும். ரோட்டுல போட்டா வேற ஒண்ணு முழுங்கும். குடல்ல அடைச்சுக்கிட்டா வயித்தக் கிழிக்கணும் டீச்சர்." பஸ்ஸில் தேனிவரை எங்களோடு ஈயும் டிக்கெட் இல்லாமல் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் போகிற சாலையில் அவருடைய அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. பழ வெட்டு தொடங்கும் நாளில் முதல் குலையை மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் சொல்லி, வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் பிரித்துக் கொடுத்து, கடைசிக் கொத்தைத் தோட்டத்து நாய்க்குப் போடுவார்கள். காவல்காரன் பங்கு என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் பந்தலைக் காத்த உயிருக்கு மரியாதை. மணி என்ற நாய் பல வருடம் அந்தப் பங்கைத் தின்று வாலாட்டியது. ஒரு வருடம் தின்ற அன்றே வாந்தி எடுத்தது. பந்தலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு ஒன்றுக்குப் போவதே நின்றுவிட்டது. சிறுநீரகம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். திராட்சையால் இல்லை, மருந்தடித்த இலையைத் தின்றிருக்கும், பூச்சி கடித்திருக்கும் என்று அப்பா கடைசிவரை சாதித்தாராம்.

"எத்தனையோ நாய் திங்குதே, எல்லாமா சாகுது?" என்று நானும் கேட்டேன். கம்பம் பக்கம் யாரும் கேட்கிற கேள்விதான் அது. ஸ்டெல்லா டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த நாய்க்கு ஆகும், எந்தப் பழத்துல ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சா நா ஏன் டீச்சர் பயப்படுறேன்? தெரியலயே. அதான் பயமா இருக்கு." அப்பா போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தன் அண்ணன் அந்தோணியிடம் சண்டை போட்டு, காவல்காரன் பங்காக அவித்த முட்டை கொடுக்க வைத்தார்.

அல்லிநகரத்தில் அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு ஜூலியின் மாலை நேரப் பாடம் தெரியும். விதை எடுத்த பப்பாளி, வேகவைத்த பூசணி, சின்னதாக நறுக்கிய காரட், வெள்ளரி என்று ஏதாவது ஒரு துண்டு கொடுப்பார். ஜூலி வாயில் வாங்கியதும் "காட்டு" என்பார். அது வாயைத் திறந்து துண்டைக் கீழே போட வேண்டும். பிறகு விரலை விட்டுக் கடைவாய்வரை தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அந்தத் துண்டு அதற்குச் சொந்தம்.

"நல்ல பழத்தக் குடுத்துட்டு ஏன் பிடுங்குறீக? பாவம்," என்றேன் ஒருநாள்.

"நல்லதத் துப்பப் பழகுனாத்தான் டீச்சர் கெட்டதத் துப்பும். நீங்களும் சொல்லிப் பாருங்க. ஒரு ஆள் சொன்னா மட்டும் கேட்டாப் போதுமா?"

நானும் சொன்னேன். ஜூலி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காரட்டை விழுங்கியது. சேவியர் சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கம். வீடு கொள்ளாத கூட்டம். பெட்டியின் கால்மாட்டில் ஜூலி படுத்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் தலையைத் தடவினார்கள். ஒருவர் பிஸ்கட் போட்டார், ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு வைத்தார். இந்த வாயை இனி யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும், அழ வந்தவள் அழாமல் பொட்டலங்களைப் பொறுக்கத் தொடங்கினேன். சாவு வீட்டில் இவள் எதற்கு இந்த வேலை பார்க்கிறாள் என்று பார்த்தவர்களும் உண்டு.

அன்றைக்குத்தான் அந்தோணி அண்ணன் தோட்டத்தில் வெட்டு தொடங்க நாள் குறித்திருந்தார். வெட்டை நிறுத்திவிட்டு, முதல் குலையை மட்டும் அறுத்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைத் தங்கையின் காலடியில் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஃபாதர் வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, நான் எழுந்து வழி விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணனின் கை ஜூலியின் வாயருகே இருந்தது. துக்கத்தில் அவருக்கு முட்டை மறந்துபோய், அப்பாவின் பழக்கம் திரும்பிவிட்டது.

"காட்டு!" என்று கத்தினேன். ஒப்பாரி என்று நினைத்து இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை உதறிவிட்டு மறுபடியும் கத்தினேன். ஜூலி என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. ஒரு பழம் முழுதாகத் தரையில் உருண்டது.

"இதுக்கு முந்தி எத்தனை குடுத்தீக அண்ணே?"

அவர் கையைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். "தெரியலயே ஆத்தா. நா என்ன பண்ணேன்? ஐயோ, அவ நாயையே நா கொல்லப் போறேனா!"

வெளியே பெட்டியைத் தூக்க ஆட்கள் நின்றார்கள். ஒரு பக்கம் என் ஸ்டெல்லா டீச்சர், ஒரு பக்கம் அவருடைய ஜூலி. சேவியர் சார் கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்து, "நீங்க போங்க டீச்சர். அவளா இருந்தா போயிருப்பா," என்றார். ஆட்டோவில் ஜூலியை மடியில் இறுக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் போனேன். பாதி வழியில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது.

டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். தோல் கிழிந்தும் கிழியாமலும் பழங்கள் வந்து விழுந்தன. "சீக்கிரமா வந்தீங்க. இருந்தாலும் குளுக்கோஸ் ஏத்துவோம். ஒண்ணுக்குப் போகுதான்னு மட்டும் விடாம பாருங்க," என்றார். விடாமல் பார்த்தேன். குளுக்கோஸ் ஏற்றி முடிந்ததும் திரும்பி வந்து, ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில், அவருடைய செருப்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாய் ஒன்றுக்குப் போகுமா என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இந்துக் கோயிலுக்குப் போகிறவள், மாதாவிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. ஜூலி எழுந்தது. தள்ளாடிக்கொண்டே கேட் ஓரம் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. மண் நனைந்ததைப் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதேன். ஸ்டெல்லா டீச்சருக்காக நான் அழுத முதல் அழுகை அதுதான்.

ஜூலி சேவியர் சாரிடம்தான் இருக்கிறது. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். அவருக்கு இல்லை. பள்ளி விட்டதும் நான் அல்லிநகரம் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஸ்டெல்லா டீச்சரின் புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேவியர் சார் சொன்னார், நான் வாங்கவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம். அதை யாரிடமும் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.

நேற்றுக் கிளம்பும்போதும் "காட்டு" என்றேன். ஜூலி வாயைத் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இருந்தாலும் விரலை விட்டுக் கடைவாய்வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைச் சாத்தினேன்.