கால்கள் மட்டும் நடக்கிற இடம்

எனக்குப் பொம்மலாட்டத்தைவிட, பொம்மையை எப்படி ஆட்டுகிறார்கள் என்று காட்டும் படங்கள்தான் பிடிக்கும். இன்று காலை ஹந்தானை தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் பஸ்ஸில் அப்படி ஒன்றை ஃபோனில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதில் ஒரு பொம்மைக்கு இரண்டு பேர். ஒருவர் தலையையும் கையையும் ஆட்டுவார், மற்றவர் காலை ஆட்டுவார். பேசுவது வேறு பாஷை. கீழே தமிழ் எழுத்து ஓடும்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்குறீங்களே, ஃபோன் பழுதா?"

"பழுதில்லம்மா. இந்த வருஷம்தான் வாசிக்கப் படிச்சேன். எழுத்து எனக்காக நிக்க மாட்டேங்குது."

சிரித்துவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார்.

ஓரிடத்தில் கால் ஆட்டுகிறவர் தனியாக நின்று, வெறும் கால்களை மட்டும் நடக்க வைப்பார். வாசிக்கத் தெரியாத நாளில் நானும் என் மனைவி ஞானம்மாவும் இதே படத்தைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்த இடம். "கால் வேலைக்குக் கிளம்பிருச்சு, தலை இன்னும் லயத்து வீட்டுல தூங்குது பாருங்க!" என்பாள். போன மார்கழியில் அவள் போய்விட்டாள்.

இன்றுதான் அங்கே நிறுத்தி, எழுத்துக்கூட்டி வாசித்தேன். "தலையை ஆட்டிய என் தம்பி இறந்துவிட்டான். நான் என் பங்கை மட்டும் செய்துகொண்டிருக்கிறேன்."

"ஏன் தாத்தா அழுவுறீங்க?"

ஞானம்மாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் மறுபடி அந்த வரியை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவங்க தெரியாம சிரிச்சிட்டே போனாங்களே, அதுவே நல்லது தாத்தா" என்றார்.

அவளுக்கு நல்லதுதான். எனக்கு இனி அந்த இடத்தில் சிரிப்பு வராது.

சின்ன வயதிலிருந்தே வாசிக்கத் தெரிந்தவர்களே, நீங்களெல்லாம் இதை எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?