களவெட்டியில் சொல்லக்கூடாத சொல்

மிட்வைஃப் கேதீஸ்வரி ஏசுவாள், பொய் சொல்லமாட்டாள். ஆகவே இது நடந்ததுதான். சந்தேகப்படுகிறவர்கள் சித்தாண்டிப் பக்கம் போய் அவளிடமே கேட்கலாம், காதைப் பொத்திக்கொண்டு.

போன மாரி வெள்ளம். மாலை 4.10. நிறைமாதக்காரி சுலோஜனாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், அம்புலன்ஸ் வர வழியில்லை. கேதீஸ்வரி அவசர நிலையத்துக்குப் போன் அடித்து ஹெலிகொப்டர் கேட்டாள்.

"பெரிய டொக்டர் சம்மதிக்க வேணும் மிஸ்," என்றார் அலுவலர்.

"அதுவரைக்கும் ரத்தம் காத்து நிக்காது. என்ட பேரை எழுதிப்போட்டு அனுப்புங்க!"

"சரி. காய்ஞ்ச தரையில வெள்ளைத் துணி விரிங்க. இருட்ட முந்தி இறங்க வேணும். லைனை வெட்டாதீங்க."

அந்த வயல் வட்டையில் வெள்ளம் ஏறாத மேடு ஒன்றுதான் இருந்தது: சூடு மிதித்து நெல் பிரிக்கிற களவெட்டி. கேதீஸ்வரியும் சுலோஜனாவின் புருஷன் ரதீசும் அவளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள்.

"ஹெலிக்கு எவ்வளவு கேப்பாங்க மிஸ்?"

"ஒரு சதமும் இல்ல. நீ சீனி வாங்கக்குள்ள கட்டின வரிதான் தம்பி பறந்து வருது. வெள்ளைய விரி."

களவெட்டியில் நின்று "முடிஞ்சுது" என்று யாரும் சொல்வதில்லை. பூதத்தின் காதில் விழுந்தால் இருப்பதையும் அள்ளிப்போய்விடுமாம். நெல் தீர்ந்தாலும் "பொலிஞ்சுது", பெருகிவிட்டது, என்றுதான் சொல்வார்கள். கேதீஸ்வரிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. வாய் மட்டும் பழகியிருந்தது.

4.52. "முடிஞ்சுதா மிஸ்?" என்று போனில் கேட்டார் அலுவலர்.

"துணியா? விரிச்சாச்சு."

5.03. "முடிஞ்சுதா மிஸ்?"

குரல் தடித்திருந்தது...

"எதைக் கேக்கிறீங்க?"

போனில் மூச்சு மட்டும் கேட்டது. சுலோஜனாவின் கை குளிர்ந்துகொண்டு வந்தது.

5.10. சார்ஜ் தீர்ந்தது. போன் செத்தது.

தவளைகளும் வாயை மூடின...

5.12.

"முடிஞ்சுதா..?"

செத்த போனுக்குள்ளிருந்து...

"மிஸ்... ஓம் எண்டு சொல்லிப்போடாதீங்க," என்றான் ரதீஸ்.

சுலோஜனாவின் கண் செருகியது.

கேதீஸ்வரிக்குப் பயம்தான். கோபம் அதைவிடப் பெரிது.

"பொலியுது! ரெண்டு உயிரும் பொலியுது! உனக்கு ஒரு மணி நெல்லும் தரமாட்டன், போ!"

போனை வெள்ளத்துக்குள் வீசி எறிந்தாள்.

குளுக்...

5.26. டப டப டப டப...

சுலோஜனா பிழைத்தாள். அன்றிரவே ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது.

எட்டாம் நாள் அந்த அலுவலர் நேரில் வந்தார். "நீங்க சொன்னபடி ஹெலியைத் திரும்பச் சொன்னம். பைலட் வெள்ளைத் துணியைக் கண்டதால எங்கட சொல்லைக் கேக்காம இறங்கிட்டார். ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லல்ல. போன் தண்ணிக்குள்ள கிடந்தது."

அவளுடைய நம்பரிலிருந்து வந்த அழைப்பின் ஒலிப்பதிவை அவர் போட்டார். நேரம் 5.21.

கேதீஸ்வரியின் குரலேதான். "முடிஞ்சுது. வர வேணாம்."

அந்தக் குரலுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.