சித்தி வீட்டுக்கு வந்த பிள்ளை

கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "வீட்டுல எத்தனை பேரு?" என்றுதான். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லாத ஊரில் தலையை எண்ணாமல் எவர் வீடு கொடுப்பார்? அதிலும் சின்னப் பிள்ளைகள் என்றால் முகம் சுருங்கிவிடும். பிள்ளைகள் குழாயைத் திறந்துபோடும், வாளியைக் கவிழ்க்கும், சுவரில் கிறுக்கும். இந்த வீட்டுக்காரர்களெல்லாம் பிறக்கும்போதே பெரியவர்களாகப் பிறந்துவிட்டவர்கள் மாதிரிதான் பேசுவார்கள்.

பூங்கொடிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்துஜா ஒன்றாம் வகுப்பு, சின்னவன் இன்னும் நடை பழகவில்லை. புருஷன் சுடலைராஜ் கொல்லத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவன். இவள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலமானால் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேடினாள். இருந்த வீட்டை, மகன் கல்யாணத்துக்கு வேண்டும் என்று காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர், பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கரண்டு பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் ஜானகியம்மாள் வீட்டின் பின்கட்டு கிடைத்தது. ஓர் அறை, ஓர் அடுப்படி. ஜானகியம்மாள் முன்கட்டில் தனியாக இருந்தார். இடுப்பில் சின்னவனோடு நின்ற பூங்கொடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒத்தப் பிள்ளதானா?"

பூங்கொடி தலையை ஆட்டிவிட்டாள். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று பிறகு தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

"அப்பம் சரி. என்னையும் சேத்து மூணு தலைன்னா தொட்டித் தண்ணி காணும். அதுக்கு மேல நம்மளால ஏலாதும்மா."

லோடு ஆட்டோவில் சாமான் ஏறிய அன்று இந்துஜா சாமானோடு ஏறவில்லை. அவளை நாகலாபுரத்தில் அக்கா காளீஸ்வரி வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று. வேறு வீடு கிடைக்கிற வரைக்கும்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். புது வீட்டில் பால் காய்ச்சியபோது பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்றார் ஜானகியம்மாள். பூங்கொடிக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சனிக்கிழமை வேலை விட்டதும் பஸ் ஏறிப் போய் மகளைக் கூட்டிவருவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். முதல் தடவை வரும்போது, எட்டயபுரம் தாண்டியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, அந்த வீட்டுல என்னைய அம்மான்னு கூப்பிடக் கூடாது, என்ன? சித்தின்னுதான் கூப்பிடணும். பெரியம்மாதான் ஒனக்கு அம்மா. ஒரு வெளையாட்டு."

"மறந்துபோயி கூப்பிட்டுட்டா?"

"வீட்டுக்கார ஆச்சி நம்மள வீட்ட விட்டு அனுப்பிருவாவ. தம்பி தெருவுல கெடக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு இந்துஜாவுக்கு அது விளையாட்டாக இல்லை.

பிள்ளை ஒரு தடவைகூடத் தவறவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தலை வாரும்போதும் "சித்தி, வலிக்கு" என்றாள். தம்பியைத் தூக்கும் முன்பு "தூக்கட்டுமா சித்தி?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவள் பையைத் திறந்தால் மாற்றுச் சட்டையோடு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் இருந்தது. நாகலாபுரத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறாள்.

"இது எதுக்குட்டி?"

"எனக்குக் குடிக்க. ஆச்சி தண்ணி கொறஞ்சிராதுல்லா."

அந்தப் பாட்டிலைப் பார்த்து ஜானகியம்மாள் மூக்கில் விரலை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு ஆசையாக முறுக்கெல்லாம் கொடுப்பார். "ஒங்க அக்கா நல்லா வளத்திருக்கா. நீயும் இருக்கியே, இந்தப் பய குழாயப் புடிச்சுத் தொங்குதான்" என்று பூங்கொடியிடமே சொன்னார். அவள் சிரித்தாள். வேறு என்ன செய்ய?

வீடு தேடுவதை அவள் விடவில்லை. போன இடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். உண்மையைச் சொன்ன இடமெல்லாம், "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே குடமும் குழாயுமாக அல்லோலகல்லோலப்பட்டது. ஆச்சிக்கு உதவியாகச் சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய இந்துஜா தொட்டியோரம் வழுக்கி விழுந்தாள். தொட்டி விளிம்பு நெற்றியில் பட்டுப் பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது.

"சித்தீ!" என்று அலறினாள்.

அந்த வலியிலும் பிள்ளைக்கு அம்மா என்று வரவில்லை. அடுப்படியிலிருந்து பூங்கொடி ஓடிவந்தாள். பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் நெற்றியை அழுத்தினாள். ஜானகியம்மாள் காப்பித்தூளை அள்ளிக்கொண்டு வந்து காயத்தில் அப்பினார்.

"பெத்தவ பக்கத்துல இல்லாத பிள்ள. அவளுக்கு ஒரு போனப் போடும்மா. வந்து பாக்கட்டும்."

பூங்கொடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வீடு போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"நாந்தான் ஆச்சி பெத்தவ. இவ எம் மக. என் வயித்துல பொறந்த மூத்த பிள்ள."

ஜானகியம்மாள் காப்பித்தூள் கையோடு அப்படியே நின்றார். அப்போது மடியில் கிடந்த இந்துஜா, பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்ல ஆச்சி. சித்தி பொய் சொல்லுதாவ. எங்கம்மா நாகலாபுரத்துல இருக்காவ. நான் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயிருவேன் ஆச்சி."

ஜானகியம்மாளின் கண் கலங்கிவிட்டது. பூங்கொடியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பிள்ளைய அமத்துததுக்கு எம் மகளுன்னு சொல்லுத பாத்தியா, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டு, நிரம்பி வழிகிற குடத்தைப் பார்க்க ஓடினார்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சத்தமாகவே சொல்லியிருக்கலாம். பூங்கொடி சொல்லவில்லை. உள்ளே சின்னவன் முழித்து அழுதுகொண்டிருந்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். ரத்தம் காய்ந்த கன்னத்தைத் துடைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடுட்டி, எந் தங்கம்ல" என்றாள்.

இந்துஜா கதவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"ஆச்சிக்குக் கேட்டுரும்" என்றாள்.