நீல நூல் கட்டிய தட்டு

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் டாக்டரம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். டாக்டரம்மா விஞ்ஞானி. கண்ணுக்கான சத்து நிறைந்த ஆரஞ்சு நிறத் தக்காளி ஒன்றை உருவாக்க ஒன்பது வருடமாகப் பாடுபடுகிறவர். படம் எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செடிகளில் பூவுக்குப் பூ குனிந்து வேலை பார்த்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பதிவேடு எழுதுகிற எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை பார்த்தது கழுகக்கா. கண் அவ்வளவு கூர்மை என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

சத்துள்ள பழம் கொடுக்கும் செடி நோஞ்சான். நோய் தாங்கிக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் செடியின் பழத்தில் சத்து இல்லை. இரண்டையும் சேர்க்க வேண்டும். தக்காளிப் பூவோ அவசரக்குடுக்கை. கொஞ்சம் விட்டால் தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டு காரியத்தை முடித்துவிடும். அதனால் மொட்டாக இருக்கும்போதே பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தக் குழலை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, காம்பில் நூல் கட்ட வேண்டும். குழலில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் அத்தனையும் வீண்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், தப்பு உடனே தெரியாது. பழம் பழுத்து, விதை எடுத்து, குழித்தட்டில் விதைத்து, நாற்று முளைத்த பிறகுதான் தெரியும். சரியாகச் சேர்ந்த நாற்றுக்குத் தண்டு ஊதா. தன் மகரந்தத்திலேயே பிறந்ததற்குத் தண்டு பச்சை. யார் கை தவறியது என்று நாற்றே காட்டிக்கொடுத்துவிடும். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன், போன பருவத்துக்கு முன்னால் கழுகக்காவின் தட்டு ஒன்றில் நான்கு பச்சைக்கு மேல் கண்டதில்லை.

நாற்பத்தாறு வயதில் அவருக்குக் கிட்டப் பார்வை மங்கியது. காலடியில் கிடக்கும் கடுகு தெரியும், கையில் இருக்கும் மொட்டு தெரியாது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் பசுமைக்குடிலுக்குள் புழுக்கம் அப்படி. கண்ணாடி இரண்டு நிமிடத்தில் பனி பிடித்துவிடும். அதனால் கண்ணாடி போட்ட பெண்களை விதை கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவது இங்கே பழக்கம். பூவைத் தொட்ட கைக்கு அழுகின தக்காளிக் கூழைப் பிசைவது என்றால் கசக்காதா? கண் மங்கியதைக் கழுகக்கா யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பதில் ஒரு வைத்தியம் செய்தார். ஆராய்ச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஆரஞ்சு நிறத் தக்காளிகளைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று வேளையும் தக்காளி. "இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா எனக்கே பூ விட்டுடும்" என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். கடைசியில் அக்கா டாக்டரம்மாவிடமே நைசாகக் கேட்டார்.

"சத்துக் குறைஞ்சு கெட்டுப்போற கண்ணுக்குத்தாம்மா இது. வயசுல வர்ற மங்கலுக்குக் கண்ணாடிதான். யாருக்கு?"

"பக்கத்து வீட்டம்மாவுக்கு."

அந்த வருடம் அவருடைய கொழுந்தன் மனைவியும் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஓர்ப்படிகள் இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. இளையவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. குழாயில் தண்ணீர் நின்றால் குழாயோடு சண்டை போடுகிறவள். டாக்டரம்மாவின் முக்கியமான சேர்க்கையை இருவரிடமும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். அக்கா கட்டியது சிவப்பு நூல், வாயாடி கட்டியது நீலம். விதையைத் தனித்தனியாகக் கழுவி, ஆளுக்கொரு குழித்தட்டில் விதைத்து, தட்டின் ஓரத்தில் அவரவரே நூலைக் கட்டினார்கள். தட்டுக்கு எண் போட்டிருக்க வேண்டும். போடாதது என் சோம்பேறித்தனம். ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு காலை, எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தது கழுகக்கா. காலடியில் இருந்த தட்டு அவருக்கு நன்றாகவே தெரிந்தது. சிவப்பு நூல் தட்டில் பாதிக்குப் பாதி பச்சை. பக்கத்துத் தட்டு முழுக்க ஊதா. அக்கா இரண்டு நூலையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார். அவ்வளவுதான், அரை நிமிட வேலை.

பத்து மணிக்கு நான் எண்ணி வாசித்தேன். "நீலம், தொண்ணூத்தெட்டுல நாப்பத்தொண்ணு பச்சை."

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போனது. ஒரு பருவம் முழுக்க வீண். "நீலம் யாரோடது?"

வாயாடி குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது பண்ணையே இரண்டாகப் போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "என்னோடதுதாம்மா" என்றாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ விதை கழுவுற பக்கம் போயிடு."

அதற்கும் அவள் தலையைத்தான் ஆட்டினாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, ஆனால் பதிவேட்டில் ஆச்சரியத்துக்குக் கட்டம் கிடையாது. எழுதி மூடிவிட்டேன்.

சனிக்கிழமை நான் டாக்டரம்மாவின் அறையில் கையெழுத்துக்காக நின்றிருந்தபோது கழுகக்கா வந்தார். மேஜை மேல் அறுத்து வைத்த பழங்கள். அக்கா உட்காரவில்லை.

"அந்தப் பச்சைத் தட்டு என்னோடதும்மா. நூலை நான்தான் மாத்திக் கட்டினேன். எனக்கு ஒரு வருஷமாக் கிட்டக்கப் பார்வை இல்ல. தடவித் தடவித்தான் பண்ணிட்டிருந்தேன்."

டாக்டரம்மா கையிலிருந்த கத்தியை மேஜை மேல் வைத்தார். பிறகு, "கண்ணு போனதுக்கு நான் கோவப்பட முடியாது. நூலை மாத்தினீங்க பாருங்க, அது எனக்கு ஆறவே ஆறாது" என்றார். பதினெட்டு வருடத்தில் அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன். பதிவேட்டில் நீலம் என்றிருந்ததை அடித்து, சிவப்பு என்று திருத்தி எழுதினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வாயாடி இரண்டு சாப்பாட்டுப் பையோடும் காத்திருந்தாள். அக்கா போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஜன்னலோரம்தான் இருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"தெரியும்க்கா" என்றாள் வாயாடி. "நான் எப்பவும் ரெட்டை முடிச்சுப் போடுவேன். அதுல ஒத்தை முடிச்சு இருந்துச்சு."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"அத்தனை பேருக்கு முன்னாடியா? கழுகு கழுகுன்னு தலையில வச்சு ஆடுறாங்க உங்கள. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுத்திருப்பேன். கூழுக்குள்ள கைய விட்டதும் நானே போட்டு ஒடைச்சிருப்பேன். அவ்வளவு நல்லவ இல்லக்கா நான்."

இப்போது கழுகக்கா விதை கழுவும் கொட்டகையில் இருக்கிறார். மூக்கில் கண்ணாடி. கொட்டகையில் காற்று வருவதால் அது பனி பிடிப்பதில்லை. அந்தச் சேர்க்கையை இந்தப் பருவம் வாயாடி தனியாளாகச் செய்தாள். பழங்கள் நீல நூலோடு கூடை கூடையாக அக்காவிடம் வருகின்றன. பழத்தைப் பிழிவதற்கு முன்னால் காம்பிலிருக்கும் நூலை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சு. "இவளுக்கு ஒரு முடிச்சுப் போட்டாப் போதாதா" என்று நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே நகத்தால் நெருடி அவிழ்க்கிறார். பக்கத்திலேயே கத்தரிக்கோல் தொங்குகிறது. வெட்டினால் ஒரு நொடி வேலை. அவர் வெட்டுவதில்லை.