ஊசிக்கு முன் கால்மணி நேரம்

இரவு டியூட்டி நர்ஸுக்கு நோயாளிகள் பதினாறு பேர் என்றால், பதினேழாவது அவளுடைய தூக்கம். இரவு வேலை பார்த்தவர்களே, இது உங்களுக்குப் புரியும்.

கண்ணாடிக் குச்சி

அறுபதுகளின் தொடக்கம். பம்பாயில், செம்பூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. இண்டர்மீடியட் வரை படித்தவளுக்குத் தூக்கத்தை வெல்லத் தெரியாதா என்ற கர்வத்தில், உட்கார்ந்தால் கண் மூடிவிடும் என்று முதல் வாரம் முழுக்க நின்றேன். நாலாம் நாள் விடியற்காலையில், தாராவியிலிருந்து வந்திருந்த இசக்கியம்மாள் தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏம்மா, இதோட மூணு மட்டம் வச்சிட்டிய. காச்ச எனக்கா, ஒங்களுக்கா?"

எட்டா, ஒன்பதா

ஆயா சக்குபாய்தான் வழி சொன்னாள். இரண்டு மணி ரவுண்டு முடிந்ததும் ஆளுக்கு இருபது நிமிடம். ஒருத்தி தூங்க, மற்றவள் காவல். மேட்ரனுக்குத் தெரியாது. அமிர்தம் போன்ற தூக்கம். ஆனால் ஒரு நாள் சக்குபாய் தட்டி எழுப்பியதும், ஒன்பதாம் கட்டிலுக்கான பெனிசிலினை எடுத்துக்கொண்டு நேரே எட்டாம் கட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே இருந்த மாட்டுங்கா மாமி கையை இழுத்துக்கொண்டாள். "நேக்குப் பெனிசிலின் ஒத்துக்காதுன்னு தலைமாட்டுல நீங்கதானே எழுதி மாட்டினேள்? முகத்தை அலம்பிண்டு வாங்கோ."

ரிப்போர்ட் புத்தகம்

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தும், நடந்ததையெல்லாம் நானே எழுதி வைத்தேன். மறைத்தால் அடுத்த முறை கையை இழுத்துக்கொள்ள மாமி இருக்கமாட்டாள். காலையில் மேட்ரன் அதை இரண்டு தரம் படித்தார். நான் மூட்டை கட்டத் தயாராக நின்றேன். அவர் பேனாவை மூடினார். "தூங்கினதுக்கு மெமோ இல்ல. எழுந்த சூட்டோட ஊசியத் தொட்டதுக்குத்தான் மெமோ. இனி கால்மணி நேரம் பஞ்சு உருட்டு, அப்புறம் மருந்து அலமாரிக்குப் போ."

மாவும் கல்லும்

அடுத்த மாதம். தூங்கி எழுந்து, முகம் கழுவி, பஞ்சு உருட்டி முடித்துவிட்டு ரவுண்டு போனேன். அன்று மாலை பிரசவித்த ஒரு பெண் அமைதியாகப் படுத்திருந்தாள். அடிவயிற்றில் கை வைத்தேன். கல்லாக இருக்கவேண்டிய கருப்பை பிசைந்த மாவாக இருந்தது. போர்வைக்கடியில் ரத்தம். தேய்த்துவிட்டபடியே டாக்டரை அழைத்துவரச் சக்குபாயை மாடிக்கு ஓட்டினேன். விடியும்போது அந்தப் பெண் டீ கேட்டாள். சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு வந்திருந்த டாக்டர் கொட்டாவி விட்டார். "நல்லவேளை சிஸ்டர், நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கி, முழுசா முழிச்சிருந்தோம்."

ஓய்வு பெற்றாயிற்று. இப்போது முழு இரவும் என்னுடையது, தூக்கம்தான் வருவதில்லை. அப்படியே கொஞ்சம் கண்ணயர்ந்தாலும், எழுந்த கால்மணி நேரத்துக்கு யாரைப் பற்றியும் நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை.